வேர் தெரியும் பல்லும் ஒட்டு வைக்கும் கலையும்

குடகனாற்றின் கரையில் நிற்கும் மரங்களைப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். வெள்ளம் வந்து போகும்போதெல்லாம் கரை மண் சிறிது சிறிதாக அரிக்கப்பட்டு, அடிமரத்தின் கீழே வேர்கள் வெளியே தெரிகின்றன. மரம் உடனே சாய்ந்து விடுவதில்லை. இலையும் தளிரும் முன்போலவே இருக்கின்றன. ஆனால் வெயிலும் காற்றும் படக்கூடாத இடத்தில் அவை படத் தொடங்கிவிட்டன. அடுத்த வெள்ளத்தை அம்மரம் தாங்குமா என்பது கேள்வியே.

நம் வாயிலும் இத்தகைய மண்ணரிப்பு நடப்பதுண்டு. பல்லின் வேரை மூடிக் காக்கும் ஈறு, தன் இடத்தை விட்டு விலகி, வேர் வெளியே தெரிவதை ஈறு இறக்கம் என்கிறோம். கீழ்ப் பற்களில் ஈறு கீழ்நோக்கியும், மேல் பற்களில் மேல்நோக்கியும் விலகும். "வயதாகிவிட்டது, பல் நீண்டுவிட்டது" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். உண்மையில் பல் நீளவில்லை. அதைப் போர்த்தியிருந்த ஈறுதான் குறைந்துவிட்டது. இது முதியவர்களுக்கு மட்டுமே வரும் குறையும் அன்று. பதினாறு, பதினேழு வயதிலும் இது தொடங்கலாம்.

இறங்கிய ஈறு பொதுவாகத் தானே வளர்ந்து பழைய இடத்துக்கு வருவதில்லை. எந்தப் பற்பொடியாலும், எந்தத் தைலத்தாலும் அதை வளர்க்க முடியாது. ஆயினும், தக்க காலத்தில் சென்றால், வாயின் வேறோர் இடத்திலிருந்து சிறிது திசுவை எடுத்து ஒட்டி அவ்வேரை மூட மருத்துவர்களால் இயலும். அந்த ஒட்டு எவ்வாறு உயிர் பிடிக்கிறது என்பதை அறிந்துகொண்டால், ஈற்றை எவ்வாறு காக்க வேண்டும் என்பதும் நமக்குத் தானே விளங்கிவிடும். ஆகவே அதை இங்குப் பாடமாகக் காண்போம்.

பல்லும் அதன் போர்வையும்

வாயில் வெளியே தெரியும் பல்லின் பகுதி எனாமல் என்னும் பற்சிப்பியால் மூடப்பட்டது. நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள் இதுதான். ஆனால் ஈறுக்குள் மறைந்திருக்கும் வேர்ப் பகுதிக்கு எனாமல் கிடையாது. அதன்மேல் மெல்லிய சிமெண்டம் என்னும் உறை மட்டுமே உண்டு. அதற்குள் டென்டின் என்னும் பகுதி இருக்கிறது. டென்டினில் ஒரு சதுர மில்லிமீட்டருக்குப் பல்லாயிரம் என்ற அளவில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் உள்ளன. அவை பல்லின் நடுவிலுள்ள நரம்பை நோக்கிச் செல்கின்றன.

ஈறு விலகினால் இவ்வளவு மென்மையான வேர் வெளியே வந்துவிடுகிறது. குளிர்ந்த தண்ணீர், மோர், புளிப்பு மாங்காய் ஆகியவை பட்டவுடன் நுண்குழாய்களில் உள்ள திரவம் அசைந்து, பல் சுரீரென்று கூசுகிறது. எனாமல் இல்லாத இடமாதலால் சொத்தையும் எளிதில் விழுகிறது. தேய்க்கத் தேய்க்க வேரில் பள்ளம் உண்டாகிறது. சிரிக்கும்போது பல் நீண்டு தெரிவதால் வாயைக் கையால் மூடிக்கொண்டு பேசுவோரும் உண்டு.

ஈறு ஏன் இறங்குகிறது?

காரணங்கள் பல. முதலாவது, பல்லின் ஓரத்தில் சேரும் அழுக்குப் படலம். நாள்தோறும் அகற்றாவிட்டால் இப்படலம் உமிழ்நீரிலுள்ள உப்புகளோடு சேர்ந்து பற்காரையாக இறுகுகிறது. இதனால் ஈறு சிவந்து வீங்கி இரத்தம் கசிகிறது. இந்நிலை நீடித்தால் சிலருக்கு உள்ளே வேரைப் பற்றியிருக்கும் எலும்பும் கரைகிறது. எலும்பு தாழ, ஈறும் தாழ்கிறது.

இரண்டாவது காரணம் இதற்கு நேர்மாறானது. "நன்றாகத் துலக்க வேண்டும்" என்ற ஆர்வத்தில் முரட்டுப் பிரஷ்ஷால் இடமும் வலமும் அழுத்தித் தேய்ப்பவர்களுக்கும் ஈறு இறங்குகிறது. அழுக்கான வாயில்தான் ஈறு கெடும் என்று நாம் நினைக்கிறோம். ஆனால் மிகவும் பளிச்சென்ற பற்களை உடைய மாணவியின் கோரைப் பல்லின் மேல் வேர் தெரிவதைப் பல் மருத்துவர்கள் அடிக்கடி காண்கிறார்கள். செங்கற்பொடி, அடுப்புக்கரி, சாம்பல் ஆகியவற்றைக் கொண்டு விரலால் அழுத்தித் தேய்க்கும் பழக்கமும் இத்தகையதே. அவை வேரை அரம்போல் அராவிவிடும்.

மூன்றாவது, நம் ஊரோடு நெருங்கிய காரணம் புகையிலை. திண்டுக்கல் என்றதும் பூட்டும் பிரியாணியும் நினைவுக்கு வருவது போலவே, ஒரு காலத்தில் சுருட்டும் நினைவுக்கு வந்தது. ஸ்பென்சர் கம்பெனியின் சுருட்டுத் தொழிற்சாலை இங்கு இயங்கியது. நமது செம்மண் பூமியில் மெல்லும் புகையிலையும் சுருட்டுப் புகையிலையும் நன்கு விளைந்ததால்தான் வேடசந்தூரில் புகையிலை ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. பல குடும்பங்களுக்குச் சோறு போட்ட பயிர் அது. அதை விளைவித்தவர்களையும் கட்டி விற்றவர்களையும் நாம் குறை சொல்ல வரவில்லை. ஆனால் வெற்றிலையோடு புகையிலையைச் சேர்த்து, கன்னத்தின் ஒரே பக்கத்தில் அடக்கிக்கொள்ளும் பழக்கம் நம் வீடுகளில் அப்பத்தா, அம்மாச்சி பலருக்கும் இருந்து வந்துள்ளது. புகையிலை நாள்தோறும் தங்கும் அந்த இடத்தில் ஈறு தேய்ந்து இறங்குகிறது. அங்கே வெண்ணிறத் தடிப்புத் தோன்றினால் அது புற்றுநோய்க்கு முன்னறிவிப்பாகவும் இருக்கலாம். ஆதலால் அதைப் புறக்கணிக்கக் கூடாது.

இவையன்றி, சிலருக்குப் பிறவியிலேயே ஈறும் அதன் கீழுள்ள எலும்பும் மெல்லியவை. சிலருக்குப் பல் வரிசையிலிருந்து முன்தள்ளி முளைத்திருக்கும். சிலருக்கு உதட்டையும் ஈற்றையும் இணைக்கும் தசைநார் ஈற்றின் ஓரம் வரை வந்து இழுத்துக்கொண்டிருக்கும். இத்தகையோர் மற்றவர்களைவிட அதிகக் கவனமாக இருக்க வேண்டும்.

ஒட்டு என்னும் தத்துவம்

நத்தம் பக்கத்து மாந்தோப்புகளுக்குச் சென்றால் ஒட்டுக்கட்டும் முறையைக் காணலாம். அதில் இரு வகை உண்டு. ஒன்று நெருக்கு ஒட்டு. தொட்டியில் வளர்ந்த மாங்கன்றைத் தாய்மரத்தின் கிளையருகே கொண்டுபோய், இரண்டையும் சீவி, சேர்த்துக் கட்டுவார்கள். ஒட்டுப் பிடிக்கும்வரை கிளை தாய்மரத்திலேயே இருந்து உணவு பெறும். பிடித்த பிறகே அதை வெட்டுவார்கள். மற்றொன்று, குச்சியை முன்னதாகவே வெட்டி எடுத்துக் கன்றில் செருகிக் கட்டுவது. இதில் குச்சிக்குத் தாய்மரத்தின் துணை இல்லை. புதிய இடத்திலிருந்தே அது உயிர் பெற வேண்டும்.

மனித உடலில் செய்யும் ஒட்டுக்கும் இவ்விரு வழிகளே உள்ளன. கன்னத்துச் சதையைத் திருப்பிக் காதுமடலைச் சீர் செய்யும் முறை சுசுருத சம்ஹிதையில் கூறப்பட்டுள்ளது. பிற்காலத்திலும் இக்கலை நம் நாட்டில் மறையவில்லை. மூன்றாம் மைசூர்ப் போரைப் பற்றி வரலாற்றில் படித்திருக்கிறோம். 1755இல் ஹைதர் அலியின் பொறுப்பில் வந்த திண்டுக்கல் கோட்டை, அப்போர் முடிந்து 1792இல் ஏற்பட்ட சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் ஆங்கிலேயருக்குப் போயிற்று. அதே போரில் ஆங்கிலப் படைக்கு மாட்டு வண்டி ஓட்டிய காவஸ்ஜி என்பவர் திப்புவின் படையிடம் சிறைப்பட்டு, மூக்கு அறுக்கப்பட்டார். பின்னர் புனாவில் ஒருவர், காவஸ்ஜியின் நெற்றித் தோலை மூக்கின் வடிவில் அறுத்து, புருவங்களின் நடுவே ஓர் இணைப்பை மட்டும் விட்டுவைத்து, கீழே திருப்பி ஒட்டிப் புதிய மூக்கு அமைத்தார். லண்டனிலிருந்து வெளிவந்த 'ஜென்டில்மன்ஸ் மேகசின்' இச்செய்தியை 1794 அக்டோபரில் வெளியிட்டது. அதைப் படித்தறிந்த கார்ப்யூ என்ற ஆங்கில மருத்துவர் 1814இல் லண்டனில் அதே முறையைச் செய்து பார்த்தார்.

நெற்றியில் அந்த இணைப்பை ஏன் விட்டுவைத்தார்கள்? அதன் வழியாக இரத்தம் வந்தால்தான் தோல் உயிரோடிருக்கும் என்பதால்தான். நெருக்கு ஒட்டும் இதுவும் ஒரே தத்துவம். இரத்தம் உள்ள இடத்தில் ஒட்டு வாழும். இரத்தம் இல்லாத இடத்தில் வாடும். ஈறு ஒட்டின் முழு இரகசியமும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது.

வாய்க்குள் ஒட்டு வந்த வரலாறு

1956இல் அமெரிக்காவைச் சேர்ந்த குரூப்பே, வாரன் என்னும் இருவர், வேர் தெரியும் பல்லுக்குப் பக்கத்துப் பல்லின் ஈற்றைச் சிறிது விடுவித்து, அதை நகர்த்தி வேரின்மேல் போர்த்தினர். இது நெருக்கு ஒட்டைப் போன்றது. ஒரு பக்கம் தன் இடத்திலேயே பற்றியிருப்பதால் இரத்தம் தடைப்படுவதில்லை. ஆனால் பக்கத்திலும் ஈறு போதாமல் இருந்தால் இம்முறை பயன்படாது.

1963இல் ஸ்வீடனைச் சேர்ந்த பியோர்ன், மேல் அண்ணத்திலிருந்து திசுவை முற்றிலும் வெட்டி எடுத்து ஈற்றில் வைக்கும் முறையை வெளியிட்டார். 1968இல் சல்லிவன், அட்கின்ஸ் இருவரும் அத்தகைய ஒட்டு எவ்வாறு பிடிக்கிறது, எப்போது தவறுகிறது என்பதை விளக்கினர். அண்ணத்தின் மேல்தோலோடு எடுக்கப்படும் இந்த ஒட்டு நன்றாகவே பிடிக்கும். எனினும் இரு குறைகள் இருந்தன. அண்ணத்தில் திறந்த புண் ஆறும்வரை வலிக்கும். ஒட்டிய இடம் சுற்றியுள்ள ஈற்றைவிட வெளிறி, ஒட்டுப்போட்ட துணிபோல் தெரியும்.

1985இல் லாங்கர் என்ற பெயருடைய மருத்துவர் இருவர் வேறொரு வழியை வெளியிட்டனர். அண்ணத்தின் மேல்தோலைக் கதவுபோல் திறந்து, அதற்கடியில் உள்ள இணைப்புத் திசுவை மட்டும் எடுத்து, தோலை மீண்டும் மூடித் தைத்துவிடுவர். தலையணை உறையைக் கிழிக்காமல் உள்ளே இருக்கும் பஞ்சில் சிறிது எடுப்பது போன்றது இது. எடுத்த திசுவை வேரின்மேல் வைத்து, அங்குள்ள ஈற்றை அதன்மேல் இழுத்துப் போர்த்துவார்கள். ஆகவே ஒட்டுக்குக் கீழிருந்தும் மேலிருந்தும் இரத்தம் கிடைக்கிறது. நிறமும் பெரும்பாலும் ஒத்துப்போகிறது. பின்னர் எத்தனையோ மாற்றங்கள் வந்தும், வேரை மூடும் சிகிச்சையில் இன்றும் இம்முறையே அளவுகோலாகக் கருதப்படுகிறது.

சிகிச்சை நடைபெறும் முறை

நாற்று நடுவதற்குமுன் வயலைப் பண்படுத்துகிறோம் அல்லவா? அதுபோல முதலில் பற்காரையை நீக்கி, ஈற்றின் வீக்கத்தைத் தணிக்கிறார்கள். பிரஷ் பிடிக்கும் முறையைத் திருத்துகிறார்கள். புகையிலைப் பழக்கம் இருந்தால் நிறுத்தச் சொல்கிறார்கள். காரணம் நீங்காமல் ஒட்டு மட்டும் வைத்தால், மீண்டும் ஈறு இறங்கும்.

சிகிச்சை நாளில் மரத்துப்போகும் ஊசி போடப்படும். நோயாளி விழித்தேயிருப்பார், தொடுவது தெரியும், வலி தெரியாது. வெளிப்பட்டிருக்கும் வேர் சுத்தம் செய்யப்பட்டு வழவழப்பாக்கப்படும். பிறகு அந்தப் பல்லைச் சுற்றியுள்ள ஈற்றை மெல்ல விடுவித்து, ஒட்டுக்கு ஒரு படுக்கை அமைப்பார்கள். அடுத்ததாக மேல் அண்ணத்தில், கோரைப் பல்லுக்கும் முதல் கடைவாய்ப் பல்லுக்கும் இடைப்பட்ட பகுதியிலிருந்து ஏறக்குறைய ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் தடிப்புள்ள திசுவை எடுப்பார்கள். அண்ணத்தில் ஒரு பெரிய இரத்தக்குழாய் ஓடுவதால் அதைத் தொடாமல் எடுப்பது முக்கியம். திசுவை வேரின்மேல் பொருத்தி, மிக மெல்லிய இழையால் தைப்பார்கள். ஒட்டு அசையாதிருக்க வேண்டும் என்பதே தையலின் நோக்கம்.

ஒட்டு உயிர் பிடிக்கும் விதம்

பல்லின் வேர் ஒரு பாறை போன்றது. அதில் இரத்தக்குழாய் இல்லை. பாறைமேல் வைத்த நாற்று எப்படிப் பிழைக்கும்? ஆகவே மருத்துவர்கள் ஒட்டை வேரின் அளவுக்கு மட்டும் வெட்டுவதில்லை. வேருக்கு இருபுறமும் கீழும் உள்ள, இரத்தம் நிறைந்த பகுதியின்மேலும் அது படியும்படி பெரிதாக வைக்கிறார்கள். இருபுறத்திலிருந்தும் இரத்தம் பெற்று, நடுவில் உள்ள பகுதி பாலம்போல் வேரைக் கடந்து வாழ்கிறது.

முதல் இரண்டு, மூன்று நாட்களுக்கு ஒட்டுக்குச் சொந்த இரத்த ஓட்டம் இல்லை. படுக்கையிலிருந்து கசியும் நீரே அதற்கு உணவு. அதன்பின் படுக்கையிலிருந்து நுண்ணிய இரத்தக்குழாய்கள் ஒட்டுக்குள் வளர்ந்து இணைகின்றன. ஏறக்குறைய இரண்டாம் வாரத்தில் இரத்த ஓட்டம் நிலைபெறுகிறது. தையல் பெரும்பாலும் பத்து முதல் பதினான்கு நாட்களில் பிரிக்கப்படும். ஈறு முழு உறுதி பெறச் சில மாதங்கள் ஆகும்.

முதல் வாரத்தில் ஒட்டு சிறிதேனும் நகர்ந்தால், வளர்ந்துவரும் அந்த நுண்குழாய்கள் அறுந்துவிடும். எனவேதான் "உதட்டை இழுத்துக் கண்ணாடியில் பார்க்காதீர்கள்" என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்கிறார். நட்ட நாற்றைத் தினமும் பிடுங்கி வேர் பிடித்ததா என்று பார்ப்பவர் உண்டா? அந்த இடத்தில் மருத்துவர் சொல்லும்வரை பிரஷ் படக்கூடாது; அவர் தரும் மருந்து நீரால் கொப்பளிக்க வேண்டும். குழைந்த சோறு, இட்லி, ஆறிய கஞ்சி போன்றவையே ஏற்றவை. முறுக்கும் சூடான காரக்குழம்பும் சில நாட்கள் காத்திருக்கட்டும்! புகையிலை கூடவே கூடாது. அதிலுள்ள நிக்கோட்டின் இரத்தக்குழாய்களைச் சுருக்கி, ஒட்டின் உயிர்நாடியையே அடைத்துவிடும்.

எல்லாருக்கும் முழுப் பயன் உண்டா?

இல்லை என்பதே நேர்மையான விடை. 1985இல் மில்லர் என்பவர் ஈறு இறக்கத்தை நான்கு வகையாகப் பிரித்தார். 2011இல் கைரோ என்பவரும் அவருடன் சேர்ந்தோரும் அதை மூன்றாகச் சுருக்கினர். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: இரு பற்களுக்கு நடுவே உள்ள எலும்பும் ஈறும் குறையாமல் இருக்கின்றனவா என்பது. அவை குறையாமல் இருந்தால் வேர் முழுவதையும் மூட முடியும் என்று எதிர்பார்க்கலாம். ஓரளவு குறைந்திருந்தால் ஓரளவே மூடலாம். மிகவும் கரைந்திருந்தால் ஒட்டு வேரை மூடாது. பரப்பிடையே இரத்தம் கொடுக்க ஆளில்லை.

இதிலிருந்து ஒரு பாடம் கிடைக்கிறது. காலம் தாழ்த்தத் தாழ்த்தச் சிகிச்சையின் பயன் குறைகிறது. "கூச்சம்தானே, பொறுத்துக்கொள்ளலாம்" என்று சில ஆண்டுகள் விட்டால், முதல் வகையில் இருந்த பல் அடுத்த வகைக்குப் போய்விடக்கூடும். மறுபுறம், வேர் சிறிது தெரிந்தால் எல்லாருக்கும் அறுவைச் சிகிச்சை தேவை என்பதும் இல்லை. கூச்சமின்றி, மேலும் இறங்காமல் இருந்தால், மருத்துவர் மில்லிமீட்டர் கோடிட்ட கருவியால் அளந்து குறித்துவைத்து, அவ்வப்போது கவனித்து வருவதே போதும். யாரோ ஒருவர் "பல் ஆடப்போகிறது, பிடுங்கிவிடலாம்" என்று சொன்னால், உடனே தலையாட்டாமல், ஈறு மருத்துவ நிபுணரிடம் ஒரு முறை காட்டிவிட்டு முடிவு செய்வது நல்லது. பிடுங்கிய பல் திரும்பாது.

பல் மருத்துவக் கல்லூரிகளில் ஈறு நோய்க்கெனத் தனித் துறை உண்டு. சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி 1953இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் பிரிவாகத் தொடங்கியது. நமக்குச் சற்று அருகில், புதுக்கோட்டையில் 2023இல் அரசு பல் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. பணவசதி இல்லாத குடும்பங்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

பகல் வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, உதட்டை மெல்ல விலக்கிப் பாருங்கள். கீழ் முன்பற்களையும் மேல் கோரைப் பற்களையும் நன்கு கவனியுங்கள். ஈற்றின் ஓரம் பக்கத்துப் பல்லோடு ஒரே வரிசையில் இருக்கிறதா? பல்லின் அடியில் மஞ்சள் நிறமாக ஒரு பகுதி தெரிகிறதா? தெரிந்தால் அஞ்ச வேண்டாம். ஆனால் மறைக்கவும் வேண்டாம்.

மென்மையான பிரஷ்ஷை எழுதுகோல் பிடிப்பதுபோல் பிடித்து, ஈற்றிலிருந்து பல்லை நோக்கி மெல்லத் துலக்குவோம். காலையும் இரவும் இரண்டு நிமிடம் போதும். வேப்பங்குச்சி பயன்படுத்துவோர் நுனியை நன்கு மென்று பஞ்சுபோல் ஆக்கிய பிறகு துலக்கட்டும். ஈற்றில் இரத்தம் வந்தால் துலக்குவதை நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் செல்வோம்.

வீட்டில் அப்பத்தாவுக்கோ அம்மாச்சிக்கோ பல் கூசினால், "வயசுக்கு அப்படித்தான்" என்று விட்டுவிடாமல் அவர்களுடைய வாயைப் பார்க்கக் கேளுங்கள். புகையிலையை விடச் சொல்லும்போது கண்டிக்காமல், ஏன் என்பதை விளக்குங்கள். நாம் படித்த பாடத்தை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல நம்மைவிட ஏற்றவர் யார்?

சிந்திக்கச் சில வினாக்கள்

1. ஈறு இறங்கிய பல் ஏன் கூசுகிறது?
2. நெருக்கு ஒட்டுக்கும் 1956ஆம் ஆண்டின் ஈறு நகர்த்தும் முறைக்கும் உள்ள ஒற்றுமை யாது?
3. ஒட்டை வேரின் அளவைவிடப் பெரிதாக வைப்பது எதற்காக?
4. சிகிச்சைக்குமுன் புகையிலையை நிறுத்தச் சொல்வதன் காரணங்கள் இரண்டைக் கூறுக.